புதுக் காரின் இன்ஜின் 'செட்' ஆக முதல் ஆயிரம் கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: புதுக் கார் எடுத்திருக்கிறேன். "ஆயிரம் கிலோமீட்டர் வரை அறுபதைத் தாண்டாதே" என்கிறார் அப்பா. "முதல் நாளே விரட்டி ஓட்டு, அப்போதுதான் இன்ஜினில் இழுவை இருக்கும்" என்கிறான் நண்பன். "இப்போது வரும் கார்களுக்கு அதெல்லாம் தேவையே இல்லை" என்கிறார் விற்பனையாளர். யார் சொல்வதைக் கேட்பது? முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

பதில்:

அப்பா சொல்வது அவர் காலத்துக் காருக்கு முற்றிலும் சரி. நண்பர் சொல்வது பந்தய இன்ஜின் கட்டும் பட்டறைக்குச் சரி. விற்பனையாளர் சொல்வதைச் சரிபார்க்க அதிக தூரம் போக வேண்டாம். டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் கையேட்டை எடுத்துப் பாருங்கள்.

டொயோட்டாவின் பல கையேடுகளில் இப்படி இருக்கிறது: முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம், 800 வரை டிரெய்லர் இழுக்க வேண்டாம், 1,000 வரை மிக அதிக வேகம், திடீரென்று ஆக்சிலரேட்டரை அழுத்துவது, குறைந்த கியரிலேயே தொடர்ந்து போவது, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவது எதுவும் கூடாது. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை), மணிக்கு 170 கிலோமீட்டர் என்று வரம்பு உண்டு. அது முடிந்ததும் இன்ஜின் ஆயிலையும் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுவதற்கென்றே தனி சர்வீஸ் இருக்கிறது. மாஸ்டா "சிறப்பு ஏற்பாடு எதுவும் தேவையில்லை" என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வரியிலேயே முதல் 1,000 கிலோமீட்டரில் செய்யக்கூடாதவற்றை வரிசையாக அடுக்குகிறது. தேவையே இல்லாத ஒன்றுக்காக எந்தத் தயாரிப்பாளரும் இவ்வளவு மை செலவழிக்க மாட்டார்.

இந்தக் கையேடுகளில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. "மெதுவாக ஓட்டு" என்பதைவிட "ஒரே மாதிரி ஓட்டாதே" என்பதுதான் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதற்கு, பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் குழாயான சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்க வேண்டும்.

ஹெட் எனும் மேல்மூடியைக் கழற்றிய ஒரு புது இன்ஜினில் டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருக்காது. இரண்டு திசைகளில் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் சுவர் முழுக்கத் தெரியும். சுவரைத் தீட்டும் ஹோனிங் கல்லால் வேண்டுமென்றே போட்ட கோடுகள் அவை. ஆழம் சில மைக்ரான்தான். நகத்தால் தடவினால் பிடிபடாது, ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மினுக்கும். உழுத வயலின் சால்களில் தண்ணீர் நிற்பதுபோல அந்தக் கோடுகளில் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான ரிங் அந்த ஆயில்மேல்தான் வழுக்கிக்கொண்டு போகிறது. கோடுகளுக்கு இடையே மேடுகளும் உண்டு. ரிங்கின் விளிம்பும் அந்த மேடுகளும் ஒன்றையொன்று துளித்துளியாகத் தேய்த்து, ரிங் சுற்றிலும் இடைவெளியில்லாமல் சுவரோடு பொருந்த வேண்டும். இன்ஜின் செட் ஆவது என்று மெக்கானிக்குகள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு இதில் பெரிய வேலை இல்லை; ஆயில் அழுத்தம் வந்துவிட்டால் உலோகமும் உலோகமும் அங்கே தொடுவதே இல்லை.

ரிங்கைச் சுவரில் அழுத்துவது எது? ரிங்குக்கென்று சொந்த விறைப்பு உண்டுதான், ஆனால் அது சொற்பம். எரிபொருள் வெடிக்கும்போது கிளம்பும் வாயு பிஸ்டன் ஓரமாக இறங்கி, மேல் ரிங்கின் முதுகுப்பக்கம் புகுந்து, அதை வெளியே தள்ளுகிறது. உண்மையான அழுத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் வாயு அழுத்தம் கூடும், ரிங் இறுக்கமாக உட்காரும். தடவிக்கொடுப்பதுபோல் மிதித்துக்கொண்டே போனால் அழுத்தம் போதாது. அப்போது ரிங்கைத் தாண்டி மேலே வரும் ஆயில் எரிந்து, அரக்குபோல் சுவரில் படிந்து, கோடுகளை மூடிவிடும். கிளேஸ் ஆகிவிட்டது என்பார்கள். அந்த நிலைக்குப் போன இன்ஜின் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் ஆயில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

ஆகவே அளவுக்கு மீறிய மென்மையும் கெடுதல்தான். மறுபக்கம், முழு ஆக்சிலரேட்டரில் நெடுநேரம் விரட்டினால், இன்னும் பொருந்தாத மேடுகளில் சூடு குவிந்து ரிங்கும் சுவரும் உரசிக் கீறிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், தலைமுடியைவிட மெல்லியது. சூட்டில் பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளியும் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அப்பாவின் அறுபது கிலோமீட்டர் கணக்கு இங்கிருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் சிலிண்டர் கடைந்தெடுத்தது இவ்வளவு துல்லியமாக இல்லை, ஆயிலும் இவ்வளவு தரமாக இல்லை. பிரிட்டனில் 1950களில் புதுக் கார் வாங்கியவர்கள் பின்கண்ணாடியில் "ரன்னிங் இன், பிளீஸ் பாஸ்" என்று அட்டை ஒட்டிக்கொண்டு போவார்கள்; பின்னால் வருபவர் பொறுமை இழக்காமல் தாண்டிப் போகட்டும் என்பதற்காக. இப்போது பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஹோனிங்கின் கடைசிக் கட்டத்திலேயே மேடுகளின் உச்சியைச் சீவிவிடுகிறார்கள். அதாவது ஓட்டுநர் பல நூறு கிலோமீட்டரில் செய்துமுடித்த தேய்மானத்தில் ஒரு பகுதியை இயந்திரமே முடித்துத் தருகிறது. மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இந்த ஆயிரம் கிலோமீட்டர்.

நண்பரின் வாதத்திலும் கரு சரியானது: ரிங் பொருந்த அழுத்தம் வேண்டும், அதுவும் ஹோனிங் புதிதாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில் வேண்டும். ஆனால் உங்கள் கைக்குச் சாவி வருவதற்குள் அந்தக் கார் தொழிற்சாலையில் ஓடி, லாரியில் ஏறி இறங்கி, டீலரின் இடத்தில் பலமுறை நகர்ந்து, சிலரின் 'சோதனை ஓட்டத்தையும்' பார்த்திருக்கும். நண்பர் சொல்லும் அந்தப் பொன்னான முதல் நிமிடங்கள் யாருடைய கையிலோ போய்விட்டன. மேலும் காரில் இருப்பது ரிங் மட்டுமில்லை. டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பெரும் அழுத்தத்தில் சறுக்கிக்கொண்டே சுழல்கின்றன. முதல் சில நூறு கிலோமீட்டரில் அவை அதிகமாகச் சூடாகும். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்ற விதியில் அவற்றுக்கும் பங்கு உண்டு. பிரேக்கும் டயரும் இன்னும் முழுப் பலத்துக்கு வந்திருக்காது. விரட்டி ஓட்டுகிறவனுக்கு உடனே தேவைப்படுவது அவை இரண்டும்தான்.

இனி ஓட்டும் முறை. ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிடுவது பழைய பழக்கம், அதை விட்டுவிடுங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும், அதுவரை தேவைக்கு அதிகமான பெட்ரோல் சிலிண்டருக்குள் போய் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் போதும், கிளம்புங்கள். ஆனால் ஆக்சிலரேட்டரில் கால் இலேசாக இருக்கட்டும். வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம்; அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதன்பிறகும் ஐந்து பத்து நிமிடம் பிடிக்கும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், குளிர்ந்த இன்ஜினை விரட்டாதீர்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். அது ஆயிரம் கிலோமீட்டரோடு முடிகிற விதியும் இல்லை.

சூடான பிறகு, போக்குவரத்து குறைந்த சாலையில் மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் தொடங்கி, ஆக்சிலரேட்டரைப் பாதி முதல் முக்கால் வரை அழுத்தி 3,500 அல்லது 4,000 வரை ஏற விடுங்கள். பிறகு காலை முழுக்க எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல், கியரிலேயே 2,000 வரை இறங்க விடுங்கள். ஏறும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரில் உட்கார வைக்கிறது. இறங்கும்போது, காற்று நுழையும் கதவான த்ராட்டில் மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கீழிருந்து ஆயிலை மேலே இழுக்கிறது. அது சுவரைக் குளிர்வித்து, தேய்ந்து உதிர்ந்த துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. இதைச் சில முறை செய்துவிட்டு வழக்கம்போல ஓட்டுங்கள். இன்னும் கொஞ்ச தூரம் கழித்து மறுபடி. மேடு பள்ளமும் வளைவுமாக இருக்கும் சாலை கிடைத்தால் இதை யோசித்துச் செய்யவே வேண்டாம், சாலையே செய்துவிடும். பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் விளக்கு எரியாமல் நீங்கள் வேகம் குறைவதை அவர் எதிர்பார்க்க மாட்டார்.

எந்த ஆர்பிஎம் வரை போகலாம்? ஃபோக்ஸ்வாகன் கையேடுகள் முதல் 1,000 கிலோமீட்டருக்கு அதிகபட்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கு என்கின்றன; பிறகு 1,500 வரை படிப்படியாக ஏற்றலாம். எனக்குத் தெரிந்தவற்றில் நடைமுறைக்கு மிக எளிதான கணக்கு இது. சிவப்புக் கோடு 6,500 என்றால் 4,300 வரை. அவசரத்தில் ஒரு லாரியைத் தாண்ட 5,000 தொட்டுவிட்டால் குடிமுழுகிப் போகாது.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு எதிர்ப்பக்கம் இருக்கிறது. புது வண்டி என்று பயந்து, ஐந்தாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஆர்பிஎம் குறைவாக இருப்பதால் இன்ஜினுக்கு நல்லது செய்வதாக நினைப்பு. உண்மையில் அந்த நிலையில் சுமை முழுதாக இருக்கிறது, ஆயில் பம்ப் தரும் அழுத்தமோ குறைவாக இருக்கிறது. டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் உள்ள பெட்ரோல் இன்ஜின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. இதைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்கப் பெட்ரோலியத் துறை அமைப்பான ஏபிஐ 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரங்களைக் கொண்டுவந்தது. இன்ஜின் முனகினால் கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் முதல் சில வாரங்கள் ஈகோ மோடை அணைத்துவிடலாம். சிக்கனத்துக்காக அது மேல் கியருக்கு ஓடிவிடும்.

வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம் என்பதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் காருக்குத் தேவைப்படும் சக்தி மிகக் குறைவு. மணிக்கணக்கில் ரிங் பெயரளவு அழுத்தத்தோடு மேலும் கீழும் போய்வரும். நெடுஞ்சாலைப் பயணம் தவிர்க்க முடியாததென்றால் வேகத்தை அவ்வப்போது 80, 100, 90 என்று மாற்றிக்கொண்டே போங்கள். வாங்கிய மறுநாளே நெடும்பயணமா என்று பயப்படுபவர்கள் உண்டு. வீட்டுக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று ஓடும் காரைவிட, நன்றாகச் சூடாகி நூறு கிலோமீட்டர் போய்வரும் காரின் ஆயில் எவ்வளவோ சுத்தமாக இருக்கும். குட்டிப் பயணங்களில் ஆயிலில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகவே நேரம் கிடைப்பதில்லை.

டீசல் இன்ஜின் செட் ஆவதற்குப் பொதுவாக இன்னும் கூடுதல் தூரம் பிடிக்கும். அதற்கு ஐடிலில் நிற்பதுதான் எதிரி; ஏற்றங்களில் நடுத்தரச் சுமையோடு ஓட்டுவது நல்லது.

ஹைபிரிட் வாங்கியவர்கள் ஒரு கணக்கில் ஏமாந்துவிடுகிறார்கள். ஓடோமீட்டர் காட்டும் 1,000 கிலோமீட்டரில் இன்ஜின் ஓடியது பாதியாகவும் இருக்கலாம். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வகையில் அதுவும் இருக்காது. காரின் தூரம் வேறு, இன்ஜினின் தூரம் வேறு. கூடவே, மின்சாரத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால், குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் விழித்த கணத்திலேயே சுமையைத் தூக்க வேண்டிவரும். இன்ஜினை ஓட வைக்கும் மோடு இருந்தால், நெடுஞ்சாலையில் ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். மின்சாரக் காருக்கு ரிங்கும் இல்லை, இந்தத் தலைவலியும் இல்லை. டயர், பிரேக் பற்றிக் கீழே சொல்வது மட்டும் அதற்கும் பொருந்தும்.

அடுத்தது ஆயில். இதில் இரண்டு கட்சி இருக்கிறது. புது இன்ஜினின் முதல் ஆயிலில் உலோகத் துகள் அதிகம் இருக்கும் என்பது உண்மை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்த வெள்ளைத் துணியை வெயிலில் பிடித்தால் சில சமயம் நுண்ணிய மினுமினுப்பு தெரியும். பெரிய துகளை ஃபில்ட்டர் பிடித்துக்கொள்ளும். நுண்ணியவை சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சீக்கிரம் வடித்துவிடுவது நல்லது என்பது ஒரு கட்சி. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் சிலிக்கன் அளவைக் கண்டு பதறுவார்கள். முதல் ஆயிலில் அது பெரும்பாலும் மண்தூசி இல்லை. மூட்டுகளில் போட்ட சிலிக்கோன் பசையிலிருந்து கரைந்து வருவது.

இன்னொரு கட்சியில் ஹோண்டா இருக்கிறது. சர்வீஸ் காலம் வரும்வரை முதல் ஆயிலை மாற்றாதீர்கள் என்று அவர்களின் கையேடுகளே சொல்கின்றன. பொருத்தும்போது பாகங்களில் தடவும் பசையின் தேய்மானத் தடுப்புப் பொருள்களும் அந்த ஆயிலில் கலந்திருக்கும், அவை வேலை செய்யட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

என் கருத்து இது: கையேடு தெளிவாக "மாற்றாதே" என்றால் மாற்றாதீர்கள். அப்படி எதுவும் சொல்லாமல் முதல் மாற்றத்தை 10,000, 15,000 என்று தள்ளிவைத்திருந்தால், பல ஆண்டு வைத்திருக்கப்போகும் காருக்கு 2,000 முதல் 5,000-க்குள் ஒருமுறை ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றுவது நல்ல செலவு. கட்டாயமில்லை, மூன்று ஆண்டில் விற்கப்போகிறவருக்கு அவசியமே இல்லை. மாற்றினால் கையேட்டில் சொன்ன அதே தரம், அதே கிரேடு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்கு உதவும். சிந்தெடிக் ஆயில் போட்டால் ரிங் பொருந்தாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் நிரப்பி வரும் கார்கள் ஏராளம், அவற்றின் ரிங்குகள் பொருந்திக்கொண்டுதான் இருக்கின்றன. கடையில் விற்கும் 'இன்ஜின் பாதுகாப்பு' மருந்து எதையும் ஊற்றாதீர்கள். உராய்வே இல்லாமல் செய்வதாக அதன் டப்பாவில் எழுதியிருக்கும். இந்தக் கட்டத்தில் உங்களுக்குக் கொஞ்சம் உராய்வு தேவை.

ஆயில் மாற்றுவதைவிட முக்கியமானது ஆயில் அளவைப் பார்ப்பது. ரிங் பொருந்தும்வரை இன்ஜின் கொஞ்சம் ஆயில் எடுத்துக்கொள்ளும், அது இயல்பு. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்: சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, ஒருமுறை துடைத்து, மறுபடி விட்டு எடுத்து. அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். குறைவது நாளடைவில் நின்றுவிட்டால் ரிங் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 5,000 கிலோமீட்டருக்குப் பிறகும் அதே வேகத்தில் குறைந்துகொண்டிருந்தால், அந்தக் குறிப்பேட்டோடு டீலரிடம் போங்கள். வாய்வார்த்தைக்குக் கிடைக்காத மரியாதை எழுதிவைத்த தேதிக்குக் கிடைக்கும். மாறாக, அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் பெட்ரோலோ டீசலோ ஆயிலில் கலக்கிறது என்று பொருள்.

பிரேக் பேட் முழுப் பிடிப்புக்கு வர 200 முதல் 300 கிலோமீட்டர் ஆகும். ஆளில்லாத சாலையில் அறுபதிலிருந்து இருபது வரை நடுத்தரமாக அழுத்தி, இடையில் ஆற விட்டு, சில முறை செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். நன்றாகச் சூடேறிய பிரேக்கை அழுத்தியபடியே நிற்காதீர்கள். ஒரே இடத்தில் படிந்து பிறகு பெடலில் அதிர்வு வரும். புது டயரின் மேல்பரப்பு தேய்ந்து பிடிப்பு வர 500 கிலோமீட்டர் வரை ஆகலாம். மழை நாளில் டெலிவரி எடுத்தவர்கள் முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இடைவெளி விடுங்கள்.

இவ்வளவும் தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் காருக்கு. சிலிண்டரை மறுபடி கடைந்து (போரிங் செய்து) புது ரிங் போட்ட பழைய இன்ஜின் என்றால் கதை வேறு, உங்கள் நண்பரின் வாதம் அங்கே அதிகம் எடுபடும். ஹோனிங் அன்றுதான் முடிந்திருக்கும், முதல் மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். ஐடிலில் விட்டு வேடிக்கை பார்க்காமல் கசிவு மட்டும் பார்த்துவிட்டு, சூடானதும் சாலையில் ஏற்றி மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தைச் செய்ய வேண்டும். அதுவே ரோலர் இல்லாத பழைய வகை டாப்பெட்டும், அதை அழுத்தி வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட்டும் கொண்டதாக இருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து சுமார் இருபது நிமிடம் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் வைத்திருக்க வேண்டும். துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில் அதற்கு அவசியம். அந்த இன்ஜினுக்குக் கையேட்டின் கணக்கு பொருந்தாது. எந்த ரிங், எந்தக் கல்லில் ஹோனிங் என்பதைக் கட்டிய மெக்கானிக்கிடமே கேட்டுக்கொண்டு, முதல் ஆயிலை அவர் சொல்லும் தூரத்தில் வடித்துவிடுங்கள்.